தாத்தாவின் தோப்பில் தேறிய கத்தி

குற்றாலத்தில் ஆனிச் சாரல். பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் குளிக்கத் தடை. அருவிக்குப் போக வழியில்லாத பேரன், இலஞ்சியில் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பார்சலைப் பிரித்தான். சென்னையில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. பார்சலுக்குள் இருந்தது ஒரு கத்தி.

மடக்குக் கத்தி இல்லை. அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடுகிற, மடங்காத கத்தி. ஆன்லைனில் இதை ‘ஃபிக்ஸட் பிளேடு’ என்கிறார்கள். நான்கு அங்குல அலகு, ரப்பர் பிடி, பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஓர் உறை. மலையேறுகிறவர்களும் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களும் விரும்பி வாங்குவது. வீடியோக்களில் இதை வைத்து விறகு பிளக்கிறார்கள், கிளை வெட்டுகிறார்கள், மழையில் தீ மூட்டுகிறார்கள். பேரனுக்கும் அந்த ஆசைதான்.

“தாத்தா, நாளைக்குக் காலையில செண்பகாதேவிப் பக்கம் ஏறி, காட்டுக்குள்ள வச்சு இதை டெஸ்ட் பண்ணப் போறேன்.”

தாத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “ஏல, கத்திய சோதிக்கதுக்குக் காட்டு மரம் என்னல பாவம் செஞ்சிச்சு?”

இந்தத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர் வேண்டாம். தென்காசியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும், எந்த சீசனிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால் தாத்தாவின் கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது.

காட்டுக்குள் கத்தி: சட்டம் என்ன சொல்கிறது?

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதில் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடு. பேரருவியிலிருந்து செண்பகாதேவிக்கும், அதற்கும் மேலே தேனருவிக்கும் அனுமதி இல்லாமல் ஏற முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், பச்சை மரத்தை வெட்டுவதும், தீ மூட்டுவதும் குற்றம். 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரணாலயம் என்றால் இன்னும் கடுமை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் நுழையக் கூடாது என்கிறது. ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும்தானா? இல்லை. வில், அம்பு, வலை, கண்ணி, விஷம் என்று நீளும் அந்தப் பட்டியலில் கத்தியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ‘கேம்பிங் கத்திதான் சார்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

கத்தியை வீட்டில் வைத்திருப்பதற்கு இதே கெடுபிடி உண்டா என்று சிலர் பயப்படுவார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தேங்காய் வெட்டும் அரிவாள் தோட்டத்தில் இருப்பதில் தவறில்லை. அதையே இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றால் கதை வேறு.

தாத்தாவுக்குச் சட்டப் பிரிவுகள் தெரியாது. ஆனால் சாரமெல்லாம் தெரியும். “காடு மிருகத்துக்கு வீடுல்லா? அடுத்தவன் வீட்டுக்குள்ள கத்தியத் தூக்கிட்டுப் போவியா? நம்ம தோப்புல நேத்து அடிச்ச காத்துக்கு எத்தனை மட்டை விழுந்து கெடக்கு. விடியட்டும், வா.”

பரணிலிருந்து இறங்கிய அருவா

காலையில் தாத்தா பரணிலிருந்து தன் வெட்டரிவாளை இறக்கினார். பேச்சில் அது ‘வெட்டருவா’. கறுத்த அலகு, தேய்ந்து வழவழத்த மரப்பிடி, பிடியின் கழுத்தில் ஓர் இரும்புப் பூண். நுனி மட்டும் முன்பக்கமாக வளைந்திருந்தது.

“இது எதுக்கு தாத்தா இப்படி வளைஞ்சிருக்கு?”

அந்த வளைவு அழகுக்கு இல்லை. வெட்டு விழும்போது கிளை நழுவாமல் அந்த வளைவுக்குள் மாட்டிக்கொள்ளும். எட்டாத முள்கிளையை இழுக்கலாம். கீழே குனிந்து வெட்டும்போது கூர்ப்பகுதி கல்லில் மோதாமல் காக்கும். செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ‘அரிவாள்’ என்ற சொல் கதிர் அறுக்கிற கருவியைத்தான் குறிக்கும். மரம் வெட்டுவதற்கு ‘வெட்டுகத்தி’. 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு திருவாங்கூர்-கொச்சியோடும் இருந்த செங்கோட்டையில் இரண்டு பேச்சும் புழங்கியவர்கள் உண்டு.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்கே பெயர் போன ஊர். ஆனால் தென் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பட்டறை இருந்தது. பெரும்பாலும் மூலப்பொருள் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்வதற்கென்றே உருவான எஃகு அது. கொல்லர் அதை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி, வடிவத்துக்குக் கொண்டுவருகிறார். பிறகுதான் உயிர் கொடுக்கிற வேலை: துவைச்சல். வெட்டும் விளிம்பு செக்கச்சிவக்கக் காய்ந்ததும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பது.

எஃகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதற்கு எளிய அறிவியல் ஒன்று உண்டு. ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போய்த் தோய்த்தால் கடினமாகிவிடும். ஆனால் வெறும் கடினம் போதாது. கண்ணாடி மாதிரி சில்லுத் தெறிக்கும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். மெருகேற்றிய விளிம்பில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பது கொல்லரின் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு கடினம், முதுகு மென்மை: நல்ல அரிவாளின் ரகசியம் இவ்வளவுதான்.

இன்று பட்டறையில் அரிவாள் வாங்கப் போனால் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்கலாம். கோபப்பட வேண்டியதில்லை. யாருக்கு, எதற்காக விற்கிறோம் என்பதைக் குறித்துவைக்கும்படி 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. சில கைகள் செய்த பாவத்துக்கு உழைக்கிற இரும்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோப்பில் நடந்த பரீட்சை

தோப்பின் ஓரத்துக் கால்வாயில் புதுத் தண்ணீர் சுழித்து ஓடியது. விழுந்து கிடந்த தென்னை மட்டைகள், காற்றில் சாய்ந்த வாழை, போன கோடையில் வெட்டிப் போட்ட காய்ந்த மூங்கில். பரீட்சைக்கு இதைவிட நல்ல இடம் எது? உயிருள்ள எதையும் வெட்ட வேண்டியதில்லை.

முதலில் பார்வை. கத்தியின் கூரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார் தாத்தா. கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். பேரனின் கத்தியில் ஒரு புள்ளிகூட இல்லை. அவருடைய அரிவாளில் மூன்று மின்னின. “போன மாசம் கல்லுல பட்டுட்டு” என்று சிரித்தார்.

அடுத்தது ஓசை. அரிவாளின் முதுகில் சிறு கல்லால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் சொத்தென்று விழுந்தால் எங்கோ விரிசலோ, பிடியில் ஆட்டமோ இருக்கும்.

மூன்றாவது, இலை. வாழை இலையின் ஓரத்தில் கத்தியை வைத்து மெல்ல இழுத்தான் பேரன். கிழியாமல், கோடு போட்ட மாதிரி அறுபட்டது. அரிவாள் அதே இடத்தில் இலையைக் கொஞ்சம் கிழித்தது. பேரன் முகத்தில் பெருமை.

நான்காவது, பச்சை மட்டை. இங்கே கதை திரும்பியது. அரிவாள் இரண்டே போடில் மட்டையைத் துண்டாக்கியது. சின்னக் கத்தி பத்து, பன்னிரண்டு முறை கொத்தியும் பாதிகூட இறங்கவில்லை. அலகில் எடை இல்லாதபோது வெட்டு எங்கிருந்து வரும்? பேரன் விடவில்லை. வேகத்தைக் கூட்டினான். சாரலில் பிடி நனைந்திருந்தது. ஒரு வெட்டு மட்டையில் பட்டுச் சறுக்கி, அவன் இடது முட்டிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போய் நின்றது.

“நிறுத்து” என்றார் தாத்தா. குரல் உயரவில்லை. பேரன் கை நடுங்கியது.

தாத்தா தன் இடது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு பழைய தழும்பு. “இருபது வயசுல வாங்கினது. புது அருவா. எல்லாருக்கும் வேகமா வெட்டிக் காட்டணும்னு ஆசை. வெட்டு எங்க போயி நிக்கும்னு மொதல்ல பாக்கணும்ல. அந்த எடத்துல உன் கையும் இருக்கப்பிடாது, காலும் இருக்கப்பிடாது. அது தெரிஞ்ச பொறவுதான் கத்தியை ஓங்கணும்.”

கூர் எவ்வளவு என்பது கத்தியின் பரீட்சை. வெட்டு தவறினால் எங்கே போகும் என்று யோசிப்பது கத்தி பிடித்தவனின் பரீட்சை. வீடியோக்களில் முதலாவதுதான் வரும்.

சீவுவதற்கு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று

பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை. காய்ந்த மூங்கிலை அரிவாளால் தாத்தா பிளந்து கொடுத்தார். அதில் ஒரு கீற்றை எடுத்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சீவினான் பேரன். மெல்லிய சுருள்கள் உதிராமல் கீற்றின் நுனியிலேயே பூ மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. மழைநாளில் தீ மூட்ட உலகெங்கும் காட்டில் திரிகிறவர்கள் செய்கிற தந்திரம் இது. வெளியே நனைந்த மரத்துக்கும் உள்ளே காய்ந்த நெஞ்சு இருக்கும். அதை மெல்லிய இழையாக்கினால் ஒரே தீக்குச்சியில் பற்றும். புழக்கடை வெந்நீர் அடுப்பில் அந்தச் சுருளை வைத்துக் கொளுத்தினான். பற்றிக்கொண்டது. அரிவாளால் அந்தச் சுருளை அவ்வளவு மெல்லிதாக எடுக்க முடியவில்லை.

“வெட்டுத வேலைக்கு ஒண்ணு, சீவுத வேலைக்கு ஒண்ணு. ஒண்ணுகிட்டயே ரெண்டையும் கேட்டா, ரெண்டும் கெட்டுப்போவும்” என்றார் தாத்தா.

இதற்குச் சரியான சாட்சி பனையேறிகளின் பாளை அரிவாள். மரம் வெட்டுகிற முரட்டு இரும்பு இல்லை அது. பனம்பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய வில்லையாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். மழுங்கிய அலகால் நசுக்கினால் ஊற்றே நின்றுபோகும். அதனால் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றுவார்கள். மரத்தின் உச்சியில், ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. அந்தக் கூருக்கு முன்னால் எந்த வெளிநாட்டுக் கத்தியும் கொஞ்சம் யோசிக்கும்.

உலகத்தைச் சுற்றினாலும் இதே பாடம்தான். நேபாளத்துக் குக்ரி முன்பக்கம் கனத்து வளைந்திருக்கும், அது வெட்டுவதற்கு. பின்லாந்தின் புக்கோ கையடக்கமாக, நேராக இருக்கும், அது சீவுவதற்கு. மலாய்க்காரர்களின் பாராங் புதரை ஒதுக்குவதற்கு. ஒவ்வொரு காடும் தனக்கு வேண்டிய கத்தியைத் தானே வடித்துக்கொண்டது. பொதிகை அடிவாரத்துக்கு வாய்த்தது வெட்டரிவாள்.

அந்த வடிவத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. குற்றாலத்து நீரைச் சுமந்து ஓடும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். அங்கே 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. ஆற்றின் தாழ்பகுதியைச் சேர்ந்த சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முன் செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொன்னது. பரணில் கிடக்கிற அரிவாளை வெறும் பழைய இரும்பு என்று எடைக்குப் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ஆச்சியின் தீர்ப்பு

கடைசிப் பரீட்சை அடுக்களையில். ஆச்சி அந்தக் கத்தியை வாங்கி ஒரு கேரட்டை நறுக்கிப் பார்த்தாள். பாதி இறங்கியதும் ‘டக்’கென்று துண்டு உடைந்து தெறித்தது.

“இது எங்க வெட்டுது? பிளக்குல்லா செய்யுது!” என்றாள்.

ஆச்சி சொன்னது சரி. விறகு பிளக்கத் தாங்க வேண்டும் என்று தடிமனாகச் செய்த அலகு, காய்க்குள் ஆப்பு மாதிரி இறங்கும். கூர் இருந்தாலும் காய் உடையும். காய் நறுக்க மெல்லிய அலகே சரி. ஆச்சிக்கு அரிவாள்மணை இருக்கிறது.

ஆனால் வாழைக்காயில் புதுக் கத்தி ஜெயித்தது. வாழைக்காய்க் கறை பட்டதும் அரிவாள் நீலமும் கறுப்புமாக நிறம் மாறிவிட்டது. காயிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். புதுக் கத்தி குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் எஃகு. கழுவியதும் பளிச். சாரல் நாளில் ஒரே இரவில் துருப் பிடிக்கிற அரிவாளுக்கு, வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவது கட்டாயம். ஸ்டெயின்லெஸ் கத்தியையும் ஈர உறைக்குள் போட்டு மறந்துவிடக் கூடாது. துரு தாமதமாக வரும், வராமல் இருக்காது.

கத்தி வாங்குகிற வீடுகளுக்கு

புதுக் கத்தி எதுவானாலும் சில பழக்கங்கள் வேண்டும். உறையிலிருந்து எடுக்கும்போது உறையின் கூர்ப்பக்கத்தைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. நனைந்த கையோடு, எண்ணெய்க் கையோடு வெட்டக் கூடாது. ஒருவர் வெட்டும்போது மற்றவர்கள் இரண்டு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். இன்னொருவரிடம் கொடுக்கும்போது கீழே வைத்து, அவரே எடுத்துக்கொள்ளட்டும். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயக் கூடாது, விழட்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணே கத்திக்குச் சரியான இடம்.

வெட்டு பட்டுவிட்டால் காபித் தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் பீறிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேராக அழுத்திப் பிடித்து 108-ஐ அழைக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் சாரல் சற்று ஓய்ந்தது. ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்கள் என்று தகவல் வந்ததும் இருவரும் கிளம்பினார்கள். பேரன் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு அவனாகவே உள்ளே போய், துடைத்து எண்ணெய் தடவிய புதுக் கத்தியைப் பரணில் அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். தாத்தா பார்த்தும் பார்க்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

குளித்துவிட்டு வரும் வழியில் பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கினார்கள். கெட்டித் தோல்.

“கத்தி இல்லையே தாத்தா” என்றான் பேரன்.

தாத்தா ஒரு பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினார். தோல் நடுவில் பிளந்தது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சுளைகள், ஒன்றுகூட நசுங்காமல்.